தொட்டில் தயிர்

சமையலறைக் குழாயில் மஞ்சள் துணி மூட்டை ஒன்று தொங்குகிறது. அடியில் வைத்திருக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம், தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிற எனக்குக் கேட்கிறது. லேசாகப் புளித்த தயிர் வாசனை. கூடவே இப்போதுதான் வறுத்து இறக்கிய சீரக வாசனை. இந்த இரண்டும் ஒன்றாக மூக்கில் ஏறினால் போதும், நீ வந்துவிடுகிறாய். கதவைத் தட்டாமல், செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஏ டெய்லரு, இன்னா பண்ணிகினு கீற?" என்று கேட்டுக்கொண்டு.

தயிர் வடிகட்டிக்கொண்டிருக்கிறேன், வேறென்ன. இன்று சாயங்காலம் உன் மகள் திவ்யாவுக்கு வளைகாப்பு. என் வீட்டில்தான். தாய் வீட்டில் செய்ய வேண்டியதை உன் பக்கத்து வீட்டுக்காரி செய்கிறேன். வியாசர்பாடி குடியிருப்பில் ஒரே மாடியில் கதவும் கதவும் ஒட்டியபடி இத்தனை வருஷம் இருந்துவிட்டு, இதுகூடச் செய்யவில்லையென்றால் நீ மேலிருந்து என் தலையில் எதையாவது போடுவாய். உன் வீட்டுக்காரர் நாற்காலி, பந்தல் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார். கலவை சாதம் ஐந்து வகை வெளியில் சொல்லியாகிவிட்டது. வளையல் வந்துவிட்டது. ஒன்று மட்டும்தான் பாக்கி நிற்கிறது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன வாரம் திவ்யா வந்தாள். திருவொற்றியூரிலிருந்து ஆட்டோவில் தனியாக, அந்த வயிற்றோடு. வந்ததும் மெஷினுக்குப் பக்கத்தில், நீ உட்காருகிற அதே முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு சொன்னாள், டாக்டர் பிரஷர் ஏறுகிறது என்கிறாராம், உப்பைக் குறைக்கச் சொல்கிறாராம்.

"அம்மா மாரியே எனுக்கும் ஆயிடுமா பெரிம்மா?" என்று கேட்டாள்.

"வாயக் கயுவு" என்று ஒரு போடு போட்டேன். "இது கொயந்த பொறந்தா போயிடும்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"அப்பறம் இன்னா? சொல்லு, வளகாப்புக்கு இன்னா வேணும் உனுக்கு?"

மாசமானதிலிருந்து அந்தப் பெண் வாயைத் திறந்து எதையும் கேட்டதில்லை. கேட்கிற இடத்தில் நீ இல்லையே. அன்றைக்குத்தான் கேட்டாள். "அம்மா துன்னுமே, அந்தச் சின்னக் கிண்ணத்துத் தயிரு. அது வேணும். எல்லாருக்கும் வெக்கிறது இல்ல பெரிம்மா. அம்மாவோடது."

"இவ்ளோதானே!" என்று வீறாப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் படி இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்லோருக்கும் வைக்கிறதைத்தான் நான் தின்றிருக்கிறேன். உன் கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டுகூட நான் நாக்கில் வைத்ததில்லை. நீ எங்கே விட்டாய்? கிட்டே கை வந்தாலே முழங்கையால் மறைத்துக்கொண்டு, "கைய எடு, இது பேஷண்டு சாப்பாடு. சோக்கா கீது, உனுக்குத்தான் குடுத்து வைக்கல" என்பாய். அதில் தனியாக என்ன போட்டாய் என்று எனக்குத் தெரியாதே.

உப்பு இல்லாமல் நீ வாழ்ந்தாய் என்பதே எனக்கு இன்றைக்கும் நம்ப முடியாத சங்கதி. காத்திவாக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டி துணியும் ஒரு கூடை கருவாடும் கொண்டுவந்தவள் நீ. மாடி முழுக்க நாறிப்போய் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "இன்னாமே காத்திவாக்கம், கடலையே தூக்கிகினு வந்துட்டியா?" என்று நான் கேட்டேன். "வேணும்னா கேளு, இல்லாட்டி மூக்க மூடு" என்றாய். அன்றிலிருந்து நீ காத்திவாக்கம், நான் டெய்லர். மாங்காய்க்கு உப்பு, கொய்யாவுக்கு உப்பு, தர்பூசணிக்குக்கூட உப்பு தொட்டுத் தின்பாய். மோரில் நீ போடுகிற உப்பைப் பார்த்தால் எனக்கே தாகம் எடுக்கும்.

பிறகு கால் வீங்கியது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. பெரியாஸ்பத்திரியில் இதயம் பலவீனமாக இருக்கிறது என்றார்கள். உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் தடை போட்டார்கள். நீ அழவில்லை. பேருந்தில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "கருவாடு கூடவாடி?" என்று மட்டும் கேட்டாய்.

வீட்டில் சமாளித்துவிட்டாய். விசேஷ வீட்டில்தான் உனக்குப் பிரச்சினை. கீழ்வீட்டில் ஒரு பிறந்தநாள். எல்லோர் தட்டிலும் பஜ்ஜி, சிப்ஸ், சமோசா, உன் தட்டில் மட்டும் இரண்டு வெள்ளை இட்லி. அதையும் சுவரோரம் ஒரு நாற்காலி போட்டு, உட்கார வைத்துக் கொடுத்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும், "அய்யோ பாவம், எப்டி துன்னுகினு இருந்த பொம்பள" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று வீட்டுக்கு வந்து நீ போட்ட கூச்சல் எனக்கு மறக்காது. "உப்பு இல்லாம துன்னுடுவேன்டி. தனியா குந்த வெச்சி பாவம்னு சொல்றாங்க பாரு, அதுதான் எனுக்கு எறங்கல. எல்லாரோடவும் குந்தி, எல்லாரும் துன்றத நானும் துன்னணும். அவ்ளோதான்." உனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்தச் சமயம் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் நீ டீ போடுகிற வேலையில் இருந்தாய். ஒருநாள் வேலை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்து முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாய்.

"ஆபீஸ்ல பார்ட்டிடி. ஒரு பொண்ணு வந்து, அக்கா டிப்பு எடுத்து வெய்யிங்கன்னுச்சு. நா டிப்பு டீதான் கேக்குதுன்னு சுடு தண்ணியும் டீ பாக்கெட்டும் எடுத்துகினு போய் வெச்சிட்டேன். எல்லாம் சிரிக்குதுங்க."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா, டிப்புன்னா கிண்ணத்துல தயிரு. தண்ணியே இல்லாம கெட்டியா. கேரட்ட குச்சி குச்சியா வெட்டி அத்துல தொட்டுத் துன்றாங்க. நானும் துன்னு பாத்தேன். நம்ம பச்சடிதான்டி அது! தண்ணிய புயிஞ்சி எடுத்துட்டு இங்கிலீசுல பேர் வெச்சிருக்காங்க."

உன் கண்ணில் அன்று ஒரு வெளிச்சம் இருந்தது. உப்பு கடைசியில்தான் போடுகிறார்கள், அதற்கு முன்னாலேயே உன் பங்கை எடுத்துவிடலாம், பிறகு எல்லோரோடும் உட்கார்ந்து நீயும் அதையே தின்னலாம் என்று ஆபீஸிலேயே கணக்குப் போட்டுவிட்டு வந்திருந்தாய்.

வந்த ஞாயிற்றுக்கிழமையே நேரம் வாய்த்தது. நம் ப்ளாக் பையன்களின் கால்பந்து டீம் கப்பு ஜெயித்திருந்தது. சாயங்காலம் கீழே பார்ட்டி. நீ காலையிலேயே தயிரோடு வந்து, "வெள்ளத் துணி இருந்தா குடு டெய்லரு" என்றாய். வெள்ளைத் துணி இல்லை. ஜாக்கெட்டுக்கு லைனிங் வைக்க வாங்கி, சாயம் போக அலசிக் காயவைத்திருந்த மஞ்சள் பருத்தித் துணிதான் கைக்குக் கிடைத்தது. சதுரமாக வெட்டிக் கொடுத்தேன். நானும் யோசிக்கவில்லை, நீயும் யோசிக்கவில்லை. அது ஆடி மாதம் என்பதைக்கூட.

வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிற நேரம், அங்கே கட்டினால் இடைஞ்சல் என்று நீ என்ன செய்தாய்? மாடிக் கம்பி வழியாகக் கையை நீட்டி, எட்டுகிற வேப்பங்கிளையில் மூட்டையைக் கட்டிவிட்டுப் புதினா வாங்கப் போய்விட்டாய். அந்த மரத்தடியில் யார் இருக்கிறாள் என்று நினைத்துப் பார்த்தாயா? நம் குடியிருப்பு அம்மன்!

நான் உள்ளே தைத்துக்கொண்டிருந்தேன். குலவைச் சத்தம் கேட்டது. கூழ் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன். பிறகு "அம்மா! தாயே!" என்று மல்லிகா அக்காவின் குரல். மேல்மாடி மல்லிகா அக்கா லேசில் சத்தம் போடுகிறவள் இல்லை. ஓடிப்போய்க் கம்பி வழியாக எட்டிப் பார்த்தால், மரத்தடியில் பாதி ப்ளாக் நிற்கிறது. அம்மன் தலையில் சொட்டு சொட்டாக வெளுத்த தண்ணீர் விழுகிறது. வேப்பமரத்தில் பால் வடிகிறது என்று ஒருத்தி சாமியாடாத குறை. அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இலைக்கு நடுவில் மஞ்சள் மூட்டை தெரிந்திருக்கிறது. யாரோ பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டியிருக்கிறார்கள், அம்மன் பால் சொரிந்து உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எவளோ மாடிக்கு வந்து கம்பி வழியாகக் கைநீட்டி மூட்டைக்குக் குங்குமம்கூட வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

நான் கீழே இறங்கி வரும்போது நீ புதினாக் கட்டோடு வந்து நின்றாய். "இன்னாடி கூட்டம்?" என்றாய்.

உன் காதில் சொன்னேன். "உன் தயிருக்குக் கற்பூரம் காட்டிகினு கீறாங்க."

உனக்கு வாய் திறந்தது. "அய்ய, அது என்..." என்று ஆரம்பித்தும்விட்டாய். அப்போதுதான் மல்லிகா அக்காவைப் பார்த்தாய். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் தண்ணீர் ஓட, வாய்க்குள் மருமகள் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி அத்தனை வருஷம் குழந்தை இல்லாமல் அந்த மருமகள் இந்த ப்ளாக்கில் என்னென்ன பேச்சு வாங்கினாள் என்று நமக்குத் தெரியும். நீ வாயை மூடிக்கொண்டாய். செருப்பைக் கழற்றினாய். என் வீட்டில் ஒருநாளும் கழற்றாத செருப்பு! புதினாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பி நின்றாய். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் இடுப்பில் நீ கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது.

கற்பூரம் அணைகிற வரைக்கும் பொறுத்துவிட்டு, மல்லிகா அக்கா பக்கத்தில் போய், "அக்கா, வெயில் ஏறுது. ரொம்ப நேரம் தொங்குனா அம்மாவுக்குப் புளிச்சிடும். நா எறக்கி உள்ள வெக்கிறேன்" என்றாய். அம்மாவுக்குப் புளித்துவிடுமாம்! நான் ஓடிப்போய் வீட்டுக்குள் புகுந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் நீ ஏமாற்றவில்லை. மல்லிகா அக்காவை உன் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, மூட்டையைப் பிரித்துக் காட்டி, உள்ளதை உள்ளபடி சொன்னாய். "மன்னிச்சிக்கக்கா, சாமி குத்தம் ஆயிடுமா?" என்று உன் குரல் இறங்கிவிட்டது. அக்கா கொஞ்ச நேரம் அந்த வெள்ளைத் தயிர் உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படப் போகிறாள் என்று நான் கதவோரம் நின்று பயந்தேன்.

"ஏன், தயிர்ல இருக்க மாட்டாளா இன்னா அவ?" என்று சொல்லி, ஒரு ஸ்பூன் வாங்கிக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் அவளே ப்ளாக் முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டாள். "அது தொட்டில் இல்லடி, தொட்டில் தயிரு" என்றாளாம். பேர் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நம் ப்ளாக்கில் தொட்டில் தயிர் இல்லாத விசேஷம் உண்டா? பிறகு ஒரு நல்ல நாளில் அக்கா மருமகளும் உண்டானாள். எல்லாம் உன் தயிர் செய்த மாயம் என்று அக்கா இன்றைக்கும் சாதிக்கிறாள். நீ மட்டும் என்னிடம் மெதுவாக, "மவனும் மருமவளும் இன்னா சும்மாவா இருந்தாங்க, நம்ம தயிருக்குப் பேரு" என்றாய்.

அந்த முதல் பார்ட்டியில் நீ நடுவில் உட்கார்ந்திருந்தாய். சுவரோரம் இல்லை. பெரிய சட்டி எல்லோருக்கும், ஓரம் நெளிந்த சின்ன எவர்சில்வர் கிண்ணம் உனக்கு. கேரட், வெள்ளரி, அவித்த சக்கரவள்ளிக் கிழங்கு எல்லாம் விரல் விரலாக நறுக்கி நடுவில் வைத்திருந்தாய். மற்றவர்கள் மரவள்ளி சிப்ஸையும் முறுக்கையும் முக்கித் தின்றார்கள், நீ கேரட்டை முக்கி, நாக்கைச் சப்புக் கொட்டி, "சோக்கா கீது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய். யாரும் உன்னைப் பாவம் என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் வறுத்த எறாவை எடுத்துத் தயிரில் முக்கப் போனார். அவர் கையிலேயே அடித்தாய். "கடக்கர பொண்ணு சொல்றேன், எறாவும் தயிரும் சேந்தா தேமல் வரும். உன் பொண்டாட்டி ஓடிப்பூடுவா." அந்தச் சட்டம் இன்றைக்கும் இந்த ப்ளாக்கில் அமலில் இருக்கிறது.

எனக்கு நீ சொல்லிக் கொடுத்ததாக எதுவும் இல்லை, பக்கத்தில் நின்று பார்த்ததுதான். கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும், பிழியக் கூடாது. வடிந்த தண்ணீரைக் கொட்டக் கூடாது, சப்பாத்தி மாவு பிசையவோ ரசத்துக்கோ வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பூண்டுப் பல்லை உப்பில்லாமல் நசுக்கி, புதினாவைக் கையால் கிள்ளிப் போட்டு, பச்சை மிளகாய் ஒன்று, வறுத்துப் பொடித்த சீரகம், கொஞ்சம் மிளகு, எலுமிச்சம்பழம் அரை மூடி. வெள்ளரிக்காயைத் துருவிப் போடுவதாக இருந்தால் ஒட்டப் பிழிந்துவிட்டுத்தான். ஸ்பூனால் நாலு சுற்று அடித்தால் முடிந்தது. உப்பு கடைசியில். முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். திடீரென்று ஆள் வந்துவிட்டால் தொங்கவிட ஏது நேரம்? ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவைக் கலந்துவிடுவாய், கெட்டிப்பட்டுவிடும். "சொந்தக்காரங்க செருப்ப கயட்டறதுக்குள்ள டிப்பு ரெடி" என்பாய். மயோனைஸ் டப்பாவை நம்பியிருந்த பையன்கள்கூட, "அக்கா, தொட்டில் போடுக்கா" என்று உன்னிடம் வந்து நின்றார்கள்.

உப்புப் போடுவது மட்டும் என் வேலை. உன் கிண்ணத்துக்கு எடுத்துக்கொண்டு, சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாய். உப்பு டப்பாவைப் பார்க்கவே மாட்டாய். அந்த நேரத்தில்தான் உன் கிண்ணத்தில் எதையோ ரகசியமாகப் போட்டுக்கொள்கிறாய் என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் அப்படிச் சப்புக் கொட்டித் தின்ன முடியுமா?

ஒரு மாசி மாதம் நீ போய்விட்டாய். அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. நான் அழுத அழுகையை மல்லிகா அக்கா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள், அது போதும். உன் வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்தபோது உன் கிண்ணத்தை நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் விசேஷத்துக்கு என்னைத்தான் தயிர் கட்டச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் உப்புப் போடுவதற்கு முன்னால் கை தன்னாலே போய் உன் கிண்ணத்தில் இரண்டு கரண்டி எடுத்து வைத்துவிடுகிறது. வைத்த பிறகுதான், அடச்சே, யாருக்கு என்று தோன்றும். வாய் வைக்க மனசு வராது. திரும்பச் சட்டியிலேயே கொட்டிவிடுவேன்.

இரு, சொட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டது போலிருக்கிறது. போய்க் கலந்துவிட்டு வருகிறேன்.

எழுதிய காகிதம் மெஷினுக்கு அடியிலேயே கிடந்தது. இப்போதுதான் கை ஒழிந்தது. விளக்கு வைத்தாகிவிட்டது. ஆரத்தி எடுத்து, வளையல் போட்டு, எல்லோரும் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். உன்னிடம் சொல்லாமல் படுத்தால் தூக்கம் வராது.

துணியைப் பிரித்தேன். ஓரத்தில் அன்றைய குங்குமக் கறை இன்னும் இருக்கிறது, எத்தனை அலசினாலும் போகவில்லை. நீ செய்கிற மாதிரியே எல்லாம் செய்தேன். உன் கிண்ணத்தில் எடுத்து வைத்தேன். முதல் தடவையாக அதில் ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்தேன்.

சப்பென்று இருந்தது. சுத்தமாக ஒன்றுமே இல்லை. எலுமிச்சை இன்னும் கொஞ்சம் பிழிந்தேன். புளித்ததே தவிர ருசி வரவில்லை. சீரகம் போட்டேன். ம்ஹூம். நீ என்னதான் போட்டாய் என்று நினைத்து நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பெண் ஆசையாகக் கேட்டது இது ஒன்றுதான், அதையும் நான் கெடுத்துவிட்டேனே.

மல்லிகா அக்கா உள்ளே வந்தாள். நானே அவளிடம் ஸ்பூனை நீட்டினேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"இத்தப் போயி அது துன்னுமா? கொஞ்சூண்டு உப்பு போடு. ஒரு சிட்டிக. யாருக்குத் தெரியப் போவுது?"

உண்மையைச் சொல்கிறேன், எடுத்தேன். இரண்டு விரலில் உப்பு. ஒரு சிட்டிகை போட்டால் ருசி வந்துவிடும், அவளும், அம்மா கைப் பக்குவம் என்று சந்தோஷப்பட்டுவிடுவாள். இன்றைக்கு ஒருநாள்தானே என்றுதான் கை கிண்ணத்துக்கு மேலே போனது. அப்போது நீ சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கிற முதுகு கண்ணில் தெரிந்தது. உப்பை டப்பாவிலேயே போட்டு மூடிவிட்டேன். சப்பென்று இருந்தால் இருக்கட்டும், அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம்.

திவ்யாவுக்குப் பொறுமை ஏது, அது உன்னைக் கொண்டிருக்கிறது. சந்தனம் பூசுவதற்கு முன்னாலேயே பட்டுப்புடவையோடு சமையலறைக்குள் நுழைந்துவிட்டாள். கிண்ணத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கேரட் துண்டை எடுத்து முக்கி வாயில் போட்டுக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மெதுவாக மென்றாள்.

"சப்புன்னு கீது பெரிம்மா" என்றாள்.

என் உயிரே போய்விட்டது. "உங்கம்மா இன்னாவோ போடுவா கண்ணு, எனுக்கு அது தெர்ல..."

"ஒண்ணும் போடாது." இன்னொரு துண்டை எடுத்தாள். "நா ஸ்கூல் படிக்கசொல்ல, அம்மா தூங்கிகினு இருக்கசொல்ல திருடித் துன்னேன். இதே மாரி சப்புன்னுதான் இருந்துச்சு. துப்பிட்டேன். அப்பறம் எயிந்து வந்து அதே கிண்ணத்தத்தான் அது நக்கி நக்கித் துன்னுச்சு. சோக்கா கீது, சோக்கா கீதுன்னு."

"அப்ப?"

"டபாய்ச்சிகினு இருந்துச்சு பெரிம்மா. எல்லாரையும்."

அடிப்பாவி. இத்தனை வருஷம், உன் முழங்கைக்குப் பின்னால் இருந்தது இதுதானா? ஒன்றுமில்லாததை மறைத்துவைத்துக்கொண்டா எனக்குக் குடுத்து வைக்கவில்லை என்று சொன்னாய்?

திவ்யா வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். "அத்தினி வருசம் அது துன்னுச்சு. இது பொறக்கறவரிக்கும் நா துன்ன மாட்டேனா? அத்துக்குத்தான் கேட்டேன். ருசிக்கா கேட்டேன்?"

ஸ்பூனை எடுத்துக்கொண்டு, "எனுக்கும் கொஞ்சம் குடு" என்று கையை நீட்டினேன். முழங்கையைக் குறுக்கே போட்டாள் உன் மகள். நாக்கைச் சப்புக் கொட்டினாள்.

"கைய எடு பெரிம்மா. சோக்கா கீது. உனுக்குத்தான் குடுத்து வைக்கல."

நான் சிரித்தேனா அழுதேனா என்று மல்லிகா அக்காவைத்தான் கேட்க வேண்டும். இரண்டும்தான் என்கிறாள். கிண்ணத்தோடேயே போய் மணையில் உட்கார்ந்துகொண்டாள் திவ்யா. இந்தப் பக்கம் ஒருத்தி வளையல் அடுக்க, அந்தப் பக்கம் ஒருத்தி சந்தனம் பூச, நடுவில் அவள் பாட்டுக்குக் கேரட்டை முக்கித் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் பெரிய சட்டியில் முறுக்கை முக்கினார்கள். யாரும் அவளைப் பாவம் என்று சொல்லவில்லை. நான் நன்றாகக் கவனித்துப் பார்த்துவிட்டேன், ஒருத்திகூடச் சொல்லவில்லை. முகத்தில் அந்தப் பயமும் இல்லை. போகும்போது மஞ்சள் துணியைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

கிண்ணத்தை மட்டும் நான் கொடுக்கவில்லை. குழந்தை பிறந்து வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். கழுவப் போனபோது அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. வழித்து வாயில் போட்டேன். அதே சப்பு. சப்புக் கொட்டினேன், உன் அளவுக்குச் சத்தம் வரவில்லை, இன்னொரு தடவை கொட்டினேன். "சோக்கா கீதுடி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிச் சொன்னேன்.

உன் வீட்டில் இப்போது குடியிருக்கிற பெண் சமையலறை ஜன்னலில் தலையை நீட்டினாள். "இன்னாக்கா, இன்னா சோக்கா கீது?"

கிண்ணத்தை முழங்கையால் மறைத்துக்கொண்டேன். "உனுக்குக் குடுத்து வைக்கல, போடி" என்றேன்.